கோபுரத்துக்கு எந்த லென்ஸ்? 4×5 கேமராவில் 65, 75, 90

கேள்வி (4 ஜனவரி)

பழைய 4×5 மடிப்புக் கேமரா (4×5 அங்குல ஷீட் ஃபிலிமில் எடுப்பது) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 150 மி.மீ. லென்ஸ் மட்டும்தான் இருக்கிறது. கோயில் கோபுரங்கள், செட்டிநாட்டு வீடுகள், பழைய அலுவலகக் கட்டடங்கள் எடுக்க ஆசை. அகலக் கோண லென்ஸ் ஒன்றுதான் வாங்க முடியும். 65, 75, 90 மூன்றில் எது? எவ்வளவு அகலமோ அவ்வளவு உயரம் வரும் என்பதால் 65 சரியென்று நினைக்கிறேன்.

4 ஜனவரி, இரவு

90 வாங்குங்கள்.

உங்கள் கேள்வியின் கடைசி வரியில்தான் சிக்கல். இந்த மாதிரிப் பெரிய ஷீட் கேமராக்களில், அதாவது லார்ஜ் ஃபார்மேட்டில், லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது என்பது ஒரு கணக்கு. அது ஃபிலிமின் மேல் எவ்வளவு பெரிய வட்டத்தைப் போடுகிறது என்பது இன்னொரு கணக்கு. கட்டடத்துக்கு இரண்டாவதுதான் முக்கியம். கேமராவை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் பின்னால் சாய்ந்தது போல விழும். அதனால் கேமராவை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தி, லென்ஸை மட்டும் மேலே ஏற்றுகிறோம். அந்த ஏற்றம், அதாவது ரைஸ், பட வட்டத்துக்குள் இருக்கும் மிச்ச இடத்தைத்தான் தின்கிறது. வட்டம் சின்னதென்றால் ஏற்ற இடமே இல்லை.

4×5 ஃபிலிமில் படம் விழும் பரப்பு சுமார் 95 × 120 மி.மீ., மூலைவிட்டம் 153. ஷ்னைடர் சூப்பர் ஆங்குலான் 90 எஃப்/8 லென்ஸின் (எஃப் எண் துவாரத்தின் அளவைச் சொல்வது; எண் கூடினால் துவாரம் சின்னது) பட வட்டத்தின் விட்டம் 216. பாதி 108. படம் நெட்டு வாக்கில் இருந்தால் அதில் 60 போக, 48 மி.மீ. ஏற்றலாம். 65 மி.மீ. லென்ஸ்கள் பெரும்பாலும் 170தான். பாதி 85, அதில் 60 போனால் 25.

5 ஜனவரி, காலை

நேற்று எழுதிய கழித்தல் தவறு. யாரும் அதை வைத்து லென்ஸ் வாங்கிவிட வேண்டாம்.

வட்டத்தை முதலில் முட்டுவது படத்தின் மேல் விளிம்பின் நடுப்பகுதி இல்லை, மேல் மூலைகள். அதனால் பிதாகரஸ் வேண்டும். நெட்டு வாக்கில் அரை அகலம் 47.5. வட்டத்தின் ஆரத்தை வர்க்கம் செய்து, 47.5-இன் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, அதிலிருந்து 60-ஐக் கழிக்க வேண்டும். சரியான ரைஸ் இதுதான்:

சூப்பர் ஆங்குலான் 90 எஃப்/8, வட்டம் 216: 37 மி.மீ.
நிக்கோர் எஸ்.டபிள்யூ. 90 எஃப்/8, வட்டம் 235: 47 மி.மீ.
கிராண்டகான்-என் 75 எஃப்/4.5, வட்டம் 195: 25 மி.மீ.
நிக்கோர் எஸ்.டபிள்யூ. 65 எஃப்/4, வட்டம் 170: 10 மி.மீ.

65-க்கு நான் சொன்ன 25 எங்கே, இந்த 10 எங்கே. இந்த வட்ட அளவுகள் எல்லாம் எஃப்/22-இல், தொலைவில் ஃபோகஸ் வைத்தபோது கிடைப்பவை. பக்கத்தில் ஃபோகஸ் செய்தால் வட்டம் கொஞ்சம் பெருக்கும். அதனால் அறைக்குள் எடுக்கும்போது சற்றுக் கூடுதல் சலுகை உண்டு.

5 ஜனவரி, மாலை

ஒரு எச்சரிக்கை. ‘ஆங்குலான்’ வேறு, ‘சூப்பர் ஆங்குலான்’ வேறு.

நான் முதலில் வாங்கிய அகல லென்ஸ் பழைய ஆங்குலான் 90 எஃப்/6.8. உள்ளங்கைக்குள் அடங்கும் அழகான சின்ன லென்ஸ். விற்றவர் 90 என்றார், நானும் 90-தானே என்று வாங்கினேன். வட்டம் 154 அளவுதான், 4×5-இன் மூலைவிட்டமே 153. லென்ஸை ஒரு விரல் அகலம் ஏற்றியதும் வானத்தின் இரண்டு மூலையும் இருட்டு. கும்பகோணத்தில் ஒரு பகல் முழுக்க அலைந்து எடுத்த ஆறு ஷீட்டும் அப்படியே வந்தன. மலை, வயல் எடுக்க அது நல்ல லென்ஸ். கோபுரத்துக்கு ஆகாது.

6 ஜனவரி

கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: ‘ரைஸ் குறைவென்றாலும் 65 அகலமாகப் பார்க்கிறதே, அது ஈடுகட்டாதா?’

நியாயமான கேள்வி. ஒரு கோபுரத்தை வைத்தே கணக்குப் போடுவோம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். 13 நிலை, 236 அடி, கிட்டத்தட்ட 72 மீட்டர். கேமரா தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், மட்டமாக. அப்படியானால் லென்ஸுக்கு மேலே 70.5 மீட்டர் படத்துக்குள் வர வேண்டும். ரைஸ் முழுவதையும் கொடுத்துவிட்டு, கலசம் தெரிய எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும்?

நிக்கோர் 65: 65 மீட்டர்.
சூப்பர் ஆங்குலான் 90: 65 மீட்டர்.
கிராண்டகான் 75: 62 மீட்டர்.
நிக்கோர் 90: 59 மீட்டர்.

நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். 65-உம் 216 வட்டமுள்ள 90-உம் ஒரே இடத்தில் நிற்கின்றன. பெரிய வட்டம் உள்ள 90, 65-ஐ விட ஆறு மீட்டர் முன்னால் நின்றே கலசத்தைப் பிடிக்கிறது. அகலம் கூடினால் உயரம் கூடும் என்பது கையடக்கக் கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்துப் பழகிய கண்ணுக்கு வரும் எண்ணம். எனக்கும் அது போக இரண்டு வருடம் ஆயிற்று.

6 ஜனவரி, சற்றுப் பின்

மேலே சொன்ன தூரம் கலசத்துக்கு நேர் கீழே தூக்குக்குண்டு விட்டால் தொடும் புள்ளியிலிருந்து. வாசல் மதிலிலிருந்து இல்லை. கோபுரம் உள்வாங்கி ஏறுகிறது, அடித்தளத்துக்கு நல்ல ஆழம் உண்டு. ஆகவே வாசலிலிருந்து அளந்தால் இன்னும் குறைவாக வரும்.

9 ஜனவரி

65 வைத்து எடுத்த பழைய படங்களை இன்று வெளியே எடுத்துப் பார்த்தேன். கலசம் வருகிறதா இல்லையா என்பதை மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். படத்தின் அடிப்பகுதியைப் பற்றிப் பேசவே இல்லை.

65-இல் 10 மி.மீ. மட்டும் ஏற்றினால் அடிவானக் கோடு படத்தின் அடியிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு உயரத்தில் நிற்கும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் தார், செருப்புக் குவியல், பூக்கடைப் பெஞ்சு. உங்கள் ட்ரைபாடுக்கு இரண்டு மீட்டர் முன்னாலிருந்தே தரை தெரிய ஆரம்பிக்கும். கோபுரம் மீதி இடத்தில் ஒடுங்கி நிற்கும். 90-இல் 47 ஏற்றினால் அடிவானம் அடியிலிருந்து பத்தில் ஒரு பங்கில் இறங்கிவிடும். தரை பத்து மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும். ஃபிலிம் முழுக்கக் கோபுரம்.

65 படங்களைப் பிரிண்ட் போடும்போது அடியை வெட்டி எறிந்திருக்கிறேன். வெட்டிய பிறகு மிஞ்சியது 4×5 இல்லை, அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அத்தனை பெரிய கேமராவைச் சுமந்து போனது அதற்காகவா என்று வருத்தமாக இருந்தது. அந்த லென்ஸைப் பிறகு விற்றுவிட்டேன்.

10 ஜனவரி

லென்ஸ் ஏறத் தயாராக இருந்தால் போதாது, கேமராவும் ஏற வேண்டும். மடிப்புக் கேமராவில் 90 மி.மீ. வைத்தால் பெல்லோஸ், அதாவது லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள மடிப்புத் துருத்தி, அப்பளக் கட்டு மாதிரி நெருங்கிவிடும். 20 மி.மீ.க்கு மேல் ஏற்றினால் திமிறும், பின்சட்டத்தையே இழுத்துச் சாய்த்துவிடும். பேக் பெல்லோஸ் என்று தொளதொளவென ஒரு தோல் பை கிடைக்கும். உங்கள் கேமராவுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தினால் லென்ஸோடு சேர்த்து அதற்கும் பணம் ஒதுக்குங்கள்.

பொருந்தாவிட்டால் வேறு வழி உண்டு. கேமராவின் அடிப்பலகையை மேல்நோக்கிச் சாய்த்துவிட்டு, முன் சட்டம், பின் சட்டம் இரண்டையும் ரசமட்டம் பார்த்து நிமிர்த்துங்கள். விளைவு ரைஸ்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், பின் சட்டம் தூக்குக்குண்டுக்கு நேராக இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

10 ஜனவரி, இரவு

65 வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு: உள்வாங்கிய லென்ஸ் போர்டு, அதாவது லென்ஸைப் பொருத்தும் குழிவான பலகை, வேண்டியிருக்கும். அந்தக் குழிக்குள் விரலை விட்டு ஷட்டரைத் திருகுவது பெரும்பாடு. நெட்டு வாக்கில் எடுத்தால் கேமராவின் அடிப்பலகையின் முன் முனையே படத்துக்குள் வரும், அதை இறக்கிவிட வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

13 ஜனவரி

ஒருவர் கேட்கிறார்: டிஜிட்டலில் 24 மி.மீ. டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் (தானே ஏறவும் சாயவும் கூடியது) இருக்க இதெல்லாம் எதற்கு?

அவர் சொல்வது சரி. கேனன் டி.எஸ்-ஈ 24 லென்ஸ் 12 மி.மீ. ஏறும். அதே கணக்கைப் போட்டால் 56 மீட்டரிலேயே கலசம் வந்துவிடும். அதே வரிசையில் உள்ள 17-இல் 40 மீட்டர் போதும். உயரத்தைப் பிடிப்பது மட்டும்தான் வேலை என்றால் அவை மேல், வாடிக்கையாளருக்கு வேலை செய்பவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். எனக்கு 4×5 பிடித்திருப்பது வேறு காரணத்துக்காக. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கோபுரம் தலைகீழாகத் தொங்குவதை இருபது நிமிடம் பார்க்கிறேன். அப்போதுதான் மூன்றாம் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் நடுவே துவாரபாலகர் எப்படி நிற்கிறார் என்பதே கண்ணில் படுகிறது.

16 ஜனவரி

பொங்கலுக்கு ஊருக்குப் போன வழியில் ஸ்ரீரங்கம். கணக்கைத் தரையில் சோதித்துவிட்டு வந்தேன். கணக்கு சரி. ஆனால் என் முதல் பதிலில் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது.

நிக்கோர் 90, 45 மி.மீ. ரைஸ், எஃப்/22. கலசம் வந்தது. படம் விழும் பின்பக்க மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸில் லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பார்த்தேன். கலசங்கள் சுரைக்காய் மாதிரி நீண்டிருந்தன. மேல் நிலைச் சிற்பங்களின் முகமும் அப்படித்தான். லென்ஸில் பழுதில்லை. லென்ஸின் அச்சிலிருந்து 50 பாகை விலகி இருக்கும் உருண்டைப் பொருள் ஒன்றரை மடங்கு நீளமாகத்தான் விழும், கோணத்தின் கொசைனுக்குத் தலைகீழ் விகிதம். தட்டையான சுவர் ஃபிலிமுக்கு இணையாக இருந்தால் இந்த நீட்சி தெரியவே தெரியாது. அலுவலகக் கட்டடங்களில் 47 மி.மீ.யும் ஏற்றலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கோபுரம் முழுக்க உருண்டை திரண்ட உடம்புகள். அங்கே தெரிகிறது.

இன்னொன்று, அடி அகலம். வாசல் மதிலுக்கு 45 மீட்டரில் நின்றால் 90 லென்ஸில் நெட்டு வாக்கில் 47 மீட்டர் அகலம்தான் விழும். உயரம் அடங்குகிறது, அடித்தளத்தின் இரண்டு ஓரமும் சட்டகத்தை முட்டுகின்றன. இந்த ஒரு இடத்தில் 65 ஜெயிக்கிறது.

பிறகு தெற்கே பின்வாங்கி 100 மீட்டரிலிருந்து பார்த்தேன். அங்கே கோணம் 35 பாகைதான், நீட்சி ஒன்றேகால் மடங்குக்கும் உள்ளே. 120 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. ரைஸ் போதும், அதற்கு 194 வட்டம் வேண்டும். சாதாரண 120-கள் பலவற்றுக்கு அது எட்டாது. நிக்கோர் எஸ்.டபிள்யூ. 120 எஃப்/8-க்கு 312 இருக்கிறது, தாராளம். ஆனால் அந்தத் தூரத்தில் கம்பிகள், பேருந்து, விளம்பரப் பலகை எல்லாம் குறுக்கே. காலை ஆறரைக்குப் போனால் பேருந்து மட்டும் குறையும்.

எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு சிறுமி துணிக்குள் எட்டிப் பார்க்கக் கேட்டாள். பார்த்துவிட்டு, ‘அம்மா, கோபுரம் கீழ விழுது’ என்று கத்தினாள். அவள் அம்மாவும் பார்த்தார். பிறகு பூக்கடைக்காரரும்.

17 ஜனவரி

நேற்று எழுத விட்டுப்போனது: அந்தக் கோபுரம் தெற்கு வாசல். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் காலையிலிருந்து மாலை வரை முகத்தில் வெளிச்சம் உண்டு. ஆனி மாத நண்பகலில் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும், தெற்கு முகம் நிழலில் கிடக்கும். அந்த மாதம் போய் வானம் வெளுத்துக் கோபுரம் கறுத்து வந்த ஷீட்டுகள் என்னிடம் உண்டு. இப்போதே போங்கள்.

20 ஜனவரி

செட்டிநாட்டு வீடுகள் பற்றி இதுவரை எதுவும் சொல்லவில்லை.

அங்கே ரைஸ் பெரிய பிரச்சினை இல்லை. வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) நின்று நான்கு பக்கத் தாழ்வாரத்தில் மூன்றையாவது ஒரே படத்தில் பிடிக்க நினைத்தால் முதுகு தூணில் இடிக்கும். அங்கே 90-க்குப் படுக்கை வாக்கில் 67 பாகை, 75-க்கு 77 பாகை. அந்தப் பத்துப் பாகை வித்தியாசம் அங்கே ஒரு தூண் வரிசை. வீட்டு உள்பக்கம் மட்டுமே எடுப்பதென்றால் 75 என்பேன்.

ஆனாலும் அந்த வீடுகளில் எனக்கு மிகப் பிடித்த படங்கள் அகலத்தில் எடுத்தவை இல்லை. முகப்பிலிருந்து பார்த்தால் வாசல், வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நிலைவாசலுக்கு நிலைவாசல் ஒரே கோட்டில் பின்தெரு வரை போகும். 75 வைத்தால் அந்தக் கோடு தூரத்தில் புள்ளியாகிவிடும். முதல் அறையின் ஆத்தங்குடித் தரைக் கல் மட்டும் படத்தை அடைத்துக்கொள்ளும். 210 வைத்தால் ஐந்து நிலைவாசல்களும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி நிற்கும். உங்களிடம் இருக்கும் 150 அதற்கே போதும். புது லென்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

உள்ளே எஃப்/22-இல் எஃப்பி4 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு மீட்டர் 30 விநாடி காட்டினால் 72 விநாடி கொடுங்கள். நீண்ட நேரம் திறந்து வைக்கும்போது ஃபிலிமின் வேகம் குறையும், அதற்கான திருத்தம் அது. அந்த நேரத்தில் யாராவது குறுக்கே நடந்து போனாலும் பதிய மாட்டார்கள். நின்றுவிட்டால் பதிவார்கள்.

21 ஜனவரி

மங்கலான லென்ஸா, வெளிச்சமான லென்ஸா என்று கேட்டவருக்கு: எஃப்/4.5 லென்ஸ்கள் இருட்டில் ஃபோகஸ் பார்க்க அருமை. ஆனால் 82 மி.மீ. ஃபில்டர், கனம் அதிகம், மடிப்புக் கேமராவின் முன் சட்டம் தலை குனியும். நிக்கோர் 90 எஃப்/8-க்கு 67 மி.மீ. ஃபில்டர், கோப்பல் (Copal) 0 என்ற சின்ன ஷட்டர். அதன் வட்டம் எஃப்/4.5 நிக்கோருக்கு உள்ளதே. வீட்டுக்குள் ஃபோகஸ் தெரியவில்லையென்றால் ஒரு டார்ச் விளக்கைத் தூணடியில் நிறுத்தி, அந்தப் புள்ளியைப் பார்த்து வையுங்கள்.

ஓர இருட்டு எல்லா அகல லென்ஸிலும் உண்டு. நிறைய ஏற்றும்போது இது விசித்திரமாக வரும்: வட்டத்தின் வெளிச்சமான நடு படத்தின் அடிக்குப் போய்விடும், வட்டத்தின் ஓரம் படத்தின் உச்சிக்கு வரும். தரை பளீரென்றும் வான மூலைகள் இரண்டு ஸ்டாப் அளவுக்கு (வெளிச்சம் கால் பங்காக) இருண்டும் இருக்கும். நடுவில் மட்டும் கறுத்திருக்கும் சென்டர் ஃபில்டர் இதைச் சரி செய்யும். விலை அதிகம், ஒன்றரை ஸ்டாப்போ அதற்கு மேலோ வெளிச்சத்தையும் தின்னும். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் நான் போடுவதில்லை. பிரிண்ட் போடும்போது அடிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கொடுத்துச் சமன் செய்கிறேன். இருண்ட வானம் கோபுரத்துக்கு அழகாகவும் இருக்கிறது. ஸ்லைடு ஃபிலிம் என்றால் ஃபில்டர் இல்லாமல் முடியாது.

27 ஜனவரி

கொஞ்சம் விலகிப் போகிறேன். லினேயஸ் ட்ரைப் 1858-இல் தஞ்சாவூரிலும் மதுரையிலும் எடுத்த படங்களை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். பெரிய காகித நெகட்டிவ்கள். இன்றைய அகலக் கோண லென்ஸ் எதுவும் அவர் காலத்தில் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை எப்படி எடுத்தார் தெரியுமா? சுவரை ஒட்டியே நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 பிரிண்ட்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். ஒரே படத்தில் அடங்காததை அடக்க நினைக்காமல், நீளமாகவே விட்டிருக்கிறார்.

தஞ்சையில் நமக்கும் அகல லென்ஸ் தேவையில்லை. பிராகாரம் அவ்வளவு விசாலம். 150, 210 போதும். ட்ரைபாடுக்கு மட்டும் தொல்லியல் துறையிடம் முன்னதாக அனுமதி வாங்கிவிடுங்கள்.

28 ஜனவரி

கேட்டவர் எழுதியிருக்கிறார்: பழைய நிக்கோர் 90 எஃப்/8 ஒன்று கிடைக்கிறதாம். பணம் கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள். பின்னாலிருந்து டார்ச் அடித்து, கண்ணாடிகளுக்கு நடுவே பூஞ்சை வலை இருக்கிறதா என்று. நம் ஊர்ப் புழுக்கத்தில் முதலில் வருவது அதுதான். ஷட்டரை ஒரு விநாடியில் வைத்துப் பத்துத் தடவை தட்டுங்கள், இழுத்து இழுத்து ஓடினால் சுத்தம் செய்யும் செலவைக் கழித்துக் கேளுங்கள். முன் கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் அதற்காக விட்டுவிட வேண்டாம்.

11 பிப்ரவரி

நெகட்டிவை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார். கலசம் முழுதாக இருக்கிறது, நிமிர்ந்து நிற்கிறது. எவ்வளவு பின்னால் நின்றார் என்று சொல்லவில்லை, ஆனால் கம்பி ஒன்று ஏழாம் நிலையைக் கடந்து போகிறது. தவிர்த்திருக்க முடியாது.

வானத்தின் இடது மூலையில் நகம் அளவுக்கு நெகட்டிவ் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. அங்கே வெளிச்சமே விழவில்லை, பிரிண்டில் அது கறுப்பாக வரும். ரைஸ் மட்டும் அதிகமாகியிருந்தால் இரண்டு மூலையும் சமமாக வெட்டுப்பட்டிருக்கும். ஒன்று மட்டும் போயிருப்பதால் முன் சட்டம் பக்கவாட்டிலும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. நடுக் குறிக்குக் கொண்டுவந்து பூட்டுங்கள், ரைஸை 3 மி.மீ. இறக்குங்கள். கிரவுண்ட் கிளாஸின் மூலைகள் வெட்டியிருந்தால் அந்த ஓட்டை வழியே லென்ஸைப் பாருங்கள். எஃப்/22-இல் துவாரம் முழுதாகத் தெரிய வேண்டும், பூனைக் கண் மாதிரி ஒடுங்கித் தெரிந்தால் இன்னும் இறக்க வேண்டும். தை முடிவதற்குள் இன்னொரு தடவை போய் எடுங்கள், வெளிச்சம் இன்னும் தெற்கே இருக்கிறது.